ரோஸ் புத்தகத்துக்கு மெடிக்கல் கார்டு தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் இளைய மகள் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்தபோது மூன்று மாதக் கர்ப்பம். வேலையோடு கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டும், அதாவது மருத்துவக் காப்புறுதி அட்டையும், போனது. மருமகன் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்; அவருக்கும் காப்புறுதி கிடையாது.

சொந்தமாக ஒரு கார்டு எடுக்கலாமென்று ஏஜெண்டைக் கூப்பிட்டார்களாம். சாதாரணப் பிரசவச் செலவை அந்தக் கார்டு ஏற்காது என்று சொல்லிவிட்டார். தனியார் மருத்துவமனையில் கேட்டதற்கு, சுகப்பிரசவத்துக்கே 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை ஆகும் என்றார்கள். சரி, இருக்கிற காசைப் பிரசவத்துக்குச் சேர்ப்போம், மாதாமாதம் டாக்டரிடம் போக வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இது தெரியாது. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பாள்.

ஆறாம் மாதம் வீட்டுக்கு வந்தவள் இரண்டு மாடி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் காலையிலேயே அரசாங்கச் சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போனேன். ஐசி (அடையாள அட்டை), கல்யாணச் சான்றிதழ் இரண்டும் கையில் இருந்தன. "12 வாரத்துக்குள் வந்திருக்க வேண்டாமா?" என்று மிஸ்ஸி, அதாவது தாதி, கடிந்துகொண்டார். அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார வைத்து ரோஸ் புத்தகத்தை, அதாவது கர்ப்பிணியின் பரிசோதனைகளைக் குறித்து வைக்கும் புத்தகத்தை, நிரப்பினார். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்தார்கள். எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். புத்தகத்தில் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் குறிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைதான். எதற்கும் எங்களிடம் பணம் கேட்கவில்லை.

பேரன் பினாங்குப் பொது மருத்துவமனையில் பிறந்தான். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி. வீட்டுக்கு வந்த பிறகும் மிஸ்ஸி தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தார்.

என் மூன்று பிள்ளைகளும் அரசாங்க மருத்துவமனையில்தான் பிறந்தார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. கார்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அவள் தோழிகளெல்லாம் தனியார் மருத்துவமனை பேக்கேஜைப் பற்றியே பேசுவார்களாம். அவர்கள் நடுவில் அரசாங்க கிளினிக் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது என்று பிறகு அழுதாள். அந்தக் கூச்சத்தில் மூன்று மாதம் ரத்தம் இல்லாமல் நடமாடியிருக்கிறாள். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

வேலை போய், கார்டும் போய், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் நம் பெண்கள் இன்னும் எத்தனை பேரோ. தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்களும் இருக்கிறார்கள்; குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறாக இருக்கலாம். அவர்கள் வீட்டில் முதல் மாதமே கிளினிக்கில் விசாரித்து வைக்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்கள் இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நல்லது. ஏழாம் மாதம் வளையல் போடப் போகும் அத்தைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெண்ணிடம் ரோஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், மறுநாளே நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு