பகிர்வுக் கோப்புறைகளை நாங்களே இணைத்துக்கொள்ள அனுமதியுங்கள்: கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுவடிப் பிரிவின் லினக்ஸ் கணினிகளில் சர்வரின் பகிர்வுக் கோப்புறைகளை மையத்தின் ஊழியர்கள் மட்டுமே மவுண்ட் செய்வார்கள், அதாவது கணினியில் ஒரு கோப்புறையின் இடத்தில் இணைத்துத் தருவார்கள் என்றும், தேவைப்படுவோர் பதிவேட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றும் சென்ற வாரம் தாங்கள் விடுத்த சுற்றறிக்கையைப் படித்த பிறகு இம்மடலை எழுதுகிறேன். இதுவரை வாய்மொழியாக இருந்த மறுப்பு இப்போது எழுத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் வேண்டுகோளும் பழையதுதான்: எங்கள் பணிக்குரிய குறிப்பிட்ட கோப்புறைகளை, எங்கள் சொந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு, நாங்களே இணைத்துக்கொள்ள வழிசெய்யுங்கள். கணினி முழுவதையும் ஆளும் ரூட் கணக்கின் கடவுச்சொல்லை நாங்கள் கேட்கவில்லை. ஒருபோதும் கேட்டதும் இல்லை.

மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கணினிகள் மீண்டும் இயங்கும், கோப்புறைகள் இணைந்திருக்கமாட்டா. தங்கள் ஊழியர் வேறு கட்டடத்திலிருந்து வரும்வரை ஸ்கேனர் அறையில் அனைவரும் காத்திருப்போம். காத்திருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மவுண்ட் ஆகாத நிலையிலும் அந்தக் கோப்புறை அதே பெயரோடு அதே இடத்தில் தெரிகிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இருப்பதில்லை. எல்லோரும் எழுதும்படி அதற்கு அனுமதி கொடுத்து வைத்திருப்பதால், அதில் சேமிக்கும் கோப்பு எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் அந்தக் கணினியின் வன்தட்டிலேயே தங்கிவிடுகிறது. பிறகு ஊழியர் வந்து இணைத்ததும் சர்வரின் கோப்புகள் அந்த இடத்தை மூடிக்கொள்ள, கீழே சேமித்தவை மறைந்துவிடுகின்றன. அவை அழிவதில்லை, ஆனால் இணைப்பை அவிழ்க்கும்வரை எவர் கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் பிரிவில் பணியாற்றும் ஓர் அம்மையாருக்கு அண்மையில் இதுதான் நேர்ந்தது. மருத்துவச் சுவடிக் கட்டு ஒன்றுக்கு அவர் விளக்க அட்டவணை எழுதிக்கொண்டிருந்தார். செல்லரித்த ஏடுகளில் தொடக்கத்தையும் முடிவையும் எழுத்தெழுத்தாகப் படித்து, சிதைந்த இடங்களைக் குறித்து, ஒரு பிற்பகல் முழுவதும் எழுதியதைச் சேமித்துவிட்டு எழுந்தார். மாலையில் கோப்புறை இணைக்கப்பட்டதும் அந்தக் கோப்பைக் காணவில்லை. மையத்தில் கேட்டபோது, அவர் சேமிக்க மறந்திருப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கட்டை மறுபடியும் பிரித்தார். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ஓரம் உதிரும் ஏடுகள் அவை; ஒருமுறை படித்ததை மறுமுறை படிக்க நேர்வதே அவற்றுக்குச் சேதம். எல்லாவற்றையும் மீண்டும் எழுதி முடித்த பிறகு, அடுத்த மின்வெட்டுக்குப் பின் கணினி மீண்டும் இயங்கியபோது, முதலில் எழுதிய கோப்பு அதே கோப்புறையில் தெரிந்தது. அவர் சேமித்துத்தான் இருந்தார். இன்றுவரை எவரும் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை என்பதை மிகுந்த மனவேதனையோடு பதிவு செய்கிறேன்.

பாதுகாப்பு குறித்த தங்கள் கவலையை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. மவுண்ட் கட்டளையை, சாதாரணப் பயனரும் ரூட் அதிகாரத்தோடு கட்டளை இட உதவும் சூடோ வழியாகக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால், கணினியின் அமைப்புக் கோப்புகள் உள்ள இடத்தின் மேலேயே ஒருவர் தம் கோப்புறையை இணைத்து, அக்கணினியைக் கைப்பற்றிவிட முடியும். விண்டோஸ் வகைப் பகிர்வுகளை இணைக்கும் உதவி நிரலில், அது ரூட் அதிகாரத்தோடு இயங்கும்படி நிறுவப்பட்ட இடங்களில், 2009, 2010 ஆம் ஆண்டுகளில் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டதும் உண்மையே. அவை அப்போதே திருத்தப்பட்டுவிட்டன. நாங்கள் கேட்பது, எது எங்கே இணைய வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் தாங்களே எழுதும் ஒரு வரியைத்தான். எந்தச் சர்வர், எந்தக் கோப்புறை, எந்த இடம் என்பதைத் தாங்களே முடிவு செய்வீர்கள். அந்த வரியில் ‘யூசர்’ (சாதாரணப் பயனரும் இணைக்கலாம்), ‘நோஆட்டோ’ (கணினி தொடங்கும்போது தானாக இணையாது) என்ற விருப்பங்களைச் சேர்த்தால், சாதாரணப் பயனர் அதை மட்டுமே இணைக்க முடியும். வேறெதையும் வேறெங்கும் இணைக்க முடியாது. ‘யூசர்’ என்று எழுதியதுமே, வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, அக்கோப்புறையிலிருந்து நிரல்களை இயக்குவதும் ரூட் அதிகாரம் பெறும் நிரலை நுழைப்பதும் தாமாகவே தடுக்கப்படுகின்றன. அல்லது பாம்மவுண்ட் என்ற நிரல் வழியாக, பயனர் உள்நுழையும்போதே கோப்புறை இணைந்து, வெளியேறும்போது அவிழும்படி செய்யலாம். எந்த வழி என்பதைத் தாங்கள் தேர்ந்துகொள்ளுங்கள்; நாங்களே இணைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும்.

இப்போதுள்ள ஏற்பாடு எவ்வளவு பாதுகாப்பானது என்பதையும் அருள்கூர்ந்து எண்ணிப்பாருங்கள். தங்கள் ஊழியர் ஒரே பொதுக் கணக்கில் கோப்புறையை இணைத்துவிட்டுச் செல்கிறார். அதன் பிறகு அக்கணினியில் யார் எதை மாற்றினாலும், யார் எதை அழித்தாலும், சர்வரின் பதிவில் அந்தப் பொதுக் கணக்கின் பெயர்தான் விழும். அக்கணக்கின் கடவுச்சொல்லோ எஃப்எஸ்டேப் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அக்கோப்பை அக்கணினியில் உள்நுழையும் எவரும் படிக்க முடியும். பயனர்களை நம்பாத ஒரு விதி, எல்லோருடைய கையிலும் ஒரே சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறது.

கோப்பு மேலாளர் வழியாகச் சர்வரைத் திறந்துகொள்ளலாமே என்று பலமுறை சொன்னீர்கள். திறக்கிறோம். ஆனால் படங்களைத் தொகுதி தொகுதியாகத் திருத்தும் எங்கள் நிரல்கள் அவ்வழியில் வரும் கோப்புகளை நேரடியாகக் கையாள்வதில்லை. பெரிய டிஃப் படங்களை ஒவ்வொன்றாக வன்தட்டுக்கு நகலெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மேலும், அதே பயனர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு அதே கோப்புறையை அங்கே திறக்கலாம் என்றால், மவுண்ட் செய்வதை மறுப்பதால் எது காக்கப்படுகிறது? அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகளில் எழுத்தர்கள் நிர்வாகி அனுமதி இல்லாமலே பகிர்வுகளை இணைத்துக்கொள்கிறார்கள். எங்கள் லினக்ஸ் கணினிகளிலும், எவருடையது என்று தெரியாத பென்டிரைவைச் செருகினால், எந்தக் கேள்வியும் இல்லாமல் இணைகிறது. நிறுவனத்தின் சொந்தச் சர்வருக்கு மட்டும் பதிவேட்டில் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

சொல்லப்போனால் இது மவுண்ட் கட்டளையோடு நிற்கவில்லை. எழுத்துரு ஒன்றை நிறுவக் கேட்டாலும், அச்சுப்பொறியைச் சேர்க்கக் கேட்டாலும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லே பதிலாக வருகிறது; எதனிடமிருந்து பாதுகாப்பு, வேறு வழி என்ன என்ற விளக்கம் வருவதில்லை. ஏடுகளை எங்கள் கையில் நம்பி ஒப்படைக்கும் நிறுவனம், அவற்றின் படங்கள் உள்ள கோப்புறையை ஒப்படைக்கத் தயங்குவது எங்களைப் புண்படுத்துகிறது. தங்கள் ஊழியர்களின் வேலைச்சுமையை நாங்கள் அறிவோம். அதைக் குறைப்பதும் இவ்வேண்டுகோளின் நோக்கமே.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சுற்றறிக்கையைத் திருத்தி, எங்கள் பிரிவுக்குரிய கோப்புறைகளை அவரவர் கணக்கில் நாங்களே இணைக்கவும் அவிழ்க்கவும் அனுமதியுங்கள். முழு நிறுவனத்துக்கும் உடனே இயலாதெனில், ஸ்கேனர் அறைக் கணினிகளில் மட்டும் சோதனையாகத் தொடங்குங்கள். அதற்கும் காலம் ஆகுமெனில், இணைக்கப்படாத வெற்றுக் கோப்புறைகளில் எழுதும் அனுமதியை இன்றே நீக்கிவிடுங்கள். சேமிக்க முடியவில்லை என்ற செய்தியாவது உடனே திரையில் வரட்டும்.

இப்படிக்கு,
சுவடிப் பிரிவில் பணியாற்றும் ஓர் ஆய்வாளர்