சீமைக்கருவேல மரமும் என் திருத்தமும்

காரைக்குடி,
கார்த்திகை 10.

அன்புள்ள முத்துவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தபோது வளவில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆத்தாளின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி.

மகள் சுற்றுச்சூழல் செய்தியாளராகச் சேர்ந்திருப்பதாகவும், அறிவியல் படிக்காதவள் அதை எழுதலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு என் பிழை ஒன்றையே பதிலாகச் சொல்கிறேன்.

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, அரிவாளும் பொக்லைனுமாக ஊரே கண்மாயில் இறங்கியது. அம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்று நான் பொறுப்பேற்றிருந்த சிற்றிதழில் எழுதினேன். எல்லாரும் சொன்னதுதான், ஒருவரையும் கேட்கவில்லை.

இதழ் வந்த வாரமே ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, திண்ணையில் அமர்ந்து, ஒரு வேப்பிலையைக் கையில் வைத்துக் காட்டினார். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறும், பகல் வெயிலில் காற்று இலையைவிட வறண்டிருக்க, உங்கள் மரம் மட்டும் நீரைத் திருப்பி இழுப்பது எப்படி என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. நிலத்தடி நீரையாவது குடிக்கிறதே என்றேன். வேர் ஆழமாகப் போகும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு குடிக்கும் என்பது நீர்மட்டத்தையும் மரங்களின் நெருக்கத்தையும் பொறுத்தது, அதை நீரியல் அறிந்தவரிடம் கேளுங்கள் என்று நிறுத்திக்கொண்டார். அவர் சொன்ன எல்லாவற்றையும்விட, அங்கே நிறுத்தியதைத்தான் நான் மிகவும் மதித்தேன்.

கண்மாய்க் கரையில் கரிமூட்டம் போடுபவர் வேறொன்று சொன்னார்: "தூரோட பிடுங்காம வெட்டினா ஒரு மழைக்கே தழைச்சிரும்; ஆடு நெத்தைத் தின்னுட்டுப் புழுக்கை போடுற இடமெல்லாம் முளைக்கும்." பேராசிரியரிடம் கேட்டேன், முற்றிலும் சரி, விதை ஆட்டு வயிற்றில் செரிக்காது என்றார். அப்படியானால் மேலே நறுக்கிவிட்டுப் போன பொக்லைன் வாடகை அத்தனையும் வீண். நான் எழுதியிருக்க வேண்டிய செய்தி அது.

ஆகவே, பட்டம் இல்லையே என்று அவள் அஞ்ச வேண்டாம். எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவும், யாரிடம் எதைக் கேட்பது என்று அறியவும் பழகட்டும். இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் துருவையும் மின்கலத்தையும் பற்றிக் கேட்கலாம். விஞ்ஞானிகள்தானே என்று கண்மாய் மரத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடக் கூடாது.

அந்த இதழையும், அடுத்த மாதம் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியில் ஒளித்துப் போட்ட திருத்தத்தையும் தபாலில் அனுப்புகிறேன். அவளிடம் கொடு.

அன்புடன்,
சொக்கு