எங்கள் ஊர் பொலிஸ்காரரைக் கொஞ்சக் காலம் இருக்கவிடுங்கள்

சஸ்காச்சுவான் மாகாணத்தின் பொலிஸ் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், கனடாவின் தேசியப் பொலிஸ் படையான ஆர்.சி.எம்.பி.யின் இம்மாகாணப் பிரிவு, எஃப் டிவிஷனின் கட்டளை அதிகாரிக்கும்,

வணக்கம்.

2012இல் மாகாணம் கனடா அரசோடு போட்ட இருபது வருட பொலிஸ் ஒப்பந்தம் 2032 மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகும் ஆர்.சி.எம்.பி.தானா, இல்லை சொந்தப் படையா என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. மாகாணம் 70 வீதம், ஒட்டாவா 30 வீதம் என்ற செலவுக் கணக்கைச் சுற்றித்தான் பேச்சில் பெரும்பகுதி ஓடுகிறது. நான் நெடுஞ்சாலை ஓரத்தில் சின்ன மோட்டல் நடத்துகிறவன். அந்தக் கணக்கில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தச் சீருடை வந்தாலும் சரி, எங்களைப் போன்ற ஊருக்கு அனுப்புகிற ஆளை, அவருக்கும் விருப்பமென்றால், அங்கேயே இருக்கவிடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரெஜைனாவிலுள்ள ஆர்.சி.எம்.பி. பயிற்சிக் கல்லூரியான டிப்போவில் 26 வாரப் பயிற்சி முடித்து நேரே வருகிற பிள்ளைகள், பொலிஸ் வீடு தயாராகும் வரை பெரும்பாலும் என்னிடம்தான் தங்குகிறார்கள். பிரம்டனில் வளர்ந்தவர், ஹலிஃபாக்ஸில் வளர்ந்தவர், ஒருமுறை மொன்ட்ரியலிலிருந்து ஒரு பெண். சிவப்புச் சட்டையோடு போடுகிற அந்த மண்ணிற உயரச் சப்பாத்தைத் துணிப்பையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார்கள். இங்கே அதை வெளியே எடுப்பது போரில் இறந்தவர்களை நினைக்கிற நவம்பர் 11க்கு, முன்னாள் படைவீரர் சங்கமான லீஜனின் மண்டபத்திலும், யாராவது ஒரு சக பொலிஸின் இறுதிச் சடங்கிலும்தான். முதல் வாரத்தில் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ப்ளொக் ஹீட்டர், வண்டி எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற கருவி. மைனஸ் 35இல் இரவு வண்டியைக் கரண்டில் செருகாமல் விட்டால் காலையில் அது அசையாது. டிப்போவில் சுடவும் ஓட்டவும் சட்டமும் படிப்பிக்கிறார்கள், நன்றாகவே படிப்பிக்கிறார்கள். ஆனால் ஊரைப் படிப்பிக்க அங்கே ஆளில்லை.

ஊர் என்று நான் சொல்வது தானியக் களஞ்சியத்தையும் ஒரேயொரு பிரதான வீதியையும் மட்டுமல்ல. இந்த மாகாணத்தின் விவசாய நிலம் முழுக்க ஒரு மைல் சதுரங்களாக அளந்து வெட்டியது. வடக்குத் தெற்காக மைலுக்கு ஒரு றோட்டு, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. காகிதத்தில் இதைவிட ஒழுங்கான ஊர் உலகத்தில் இருக்காது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பதறிப்போய் அழைக்கிற கிழவி அந்தச் சதுரத்தின் செக்ஷன் இலக்கமா சொல்வார்? “பழைய பள்ளிக்கூடத்து மூலையிலிருந்து தெற்கே, பாலம் உடைந்த றோட்டைத் தாண்டி” என்பார். அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து நாற்பது வருடம் இருக்கும், அங்கே இப்போது கனோலா எண்ணெய்வித்து வயல். எந்த மூலை என்று தெரிந்துகொள்ள ஒரு கொன்ஸ்டபிளுக்கு இரண்டு வருடம் பிடிக்கும். எந்த கிரிட் றோட்டு, அதாவது அந்தச் சதுரங்களின் ஓரத்து றோட்டு, வசந்தத்தில் சேறாகிவிடும், எந்த வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது, எந்தத் தகப்பன் அறுவடை முடிந்ததும் குடிக்கத் தொடங்குவான் என்பதற்கெல்லாம் இன்னும் ஒரு வருடம். அதற்குள் இடமாற்றக் கடிதம் வந்துவிடும்.

ஒருவரின் முழு உத்தியோகமும் இப்படித்தான் போகிறது. முதல் ஊரில் இரண்டு மூன்று வருடம், பிறகு வடக்கே விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஓர் இடம், கோர்ப்பரல் பட்டி வேண்டுமென்றால் இன்னொரு ஊர், சார்ஜன்ட் ஆக மற்றொன்று. இருபத்தைந்து வருடத்தில் ஐந்தாறு ஊர். ஓய்வு பெறும்போது எல்லா ஊரும் தெரியும், ஒரு ஊரையும் சொந்தமென்று சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே உயரலாம் என்றால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நீங்கள் கேட்டுப் பார்த்ததுண்டா? என் வரவேற்பு மேசையில் கோப்பி குடித்துக்கொண்டு அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

குடும்பங்களையும் பாருங்கள். ஒரு காலத்தில் நிலையமும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. புருஷன் றோட்டில் நிற்க, மனைவி தொலைபேசியை எடுத்தார், கூண்டில் இருந்தவனுக்குச் சமைத்துப் போட்டார். சம்பளம் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 2010இல், ‘இரண்டாம் ஆள்’ என்று அவர்களுக்கு ஒரு விருது ஏற்படுத்தினார்கள். இன்றைய மனைவிமார், கணவன்மார் அப்படியில்லை. எங்கள் ஊருக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவரின் மனைவி தாதி. நீங்கள் அவரை மாற்றிய அன்று எங்கள் ஆஸ்பத்திரி ஒரு தாதியையும் இழந்தது. தாதி இல்லையென்றால் இங்கே இரவில் அவசரப் பிரிவைப் பூட்டுகிறார்கள், அடுத்தது ஒரு மணிநேர ஓட்டம். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளை குறைந்தால் அங்கேயும் ஓர் ஆசிரியர் இடம் ஆட்டம் காணும். இடமாற்றச் செலவைப் போடுகிற உங்கள் பட்டியலில் இதற்கெல்லாம் நிரல் இருக்கிறதோ தெரியவில்லை.

உங்கள் மறுப்பும் எனக்குத் தெரியும். அதிக காலம் ஒரே இடத்தில் இருந்தால் பொலிஸ்காரர் ஊர்க்காரராகிவிடுவார், சனிக்கிழமை கூட ஹொக்கி ஆடியவனுக்குத் திங்கட்கிழமை எப்படிக் குற்றப்பத்திரம் எழுதுவார் என்பீர்கள். இது வெறும் சாட்டு அல்ல. உறவும் பகையும் சின்ன ஊரில் ஒரே மேசையில்தான் சாப்பிடும். ஆனால் நான், ஊராரின் பாஷை தெரியாத பொலிஸ் எப்படியிருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன். இரண்டில் ஒன்றுதான் என்றால், ஹொக்கி ஆடுகிற பொலிஸே எனக்குப் போதும். மற்றதைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து விசாரிக்கிற முறைப்பாட்டு ஆணையம் ஏற்கனவே இருக்கிறது.

அந்த ஆணையம் 2021இல் சொன்னதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2016 ஆகஸ்டில் பிகார் அருகே ஒரு பண்ணையில் கோல்டன் புஷி என்ற 22 வயது கிரீ பூர்வகுடி இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அந்தச் செய்தியைத் தாயிடம் கொண்டுபோன பொலிஸார் அவரை நடத்திய விதம் இனப் பாகுபாடு என்று ஆணையம் முடிவு சொன்னது. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களான ரிசர்வுகளில் உங்கள் படைக்கு, அது தொடங்கிய 1873இலிருந்தே ஒரு கணக்கு நிலுவையில் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிடித்துக் கொடுத்ததும் இதே படைதான். 2004இல் அப்போதைய ஆணையாளர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டது நல்லது. ஆனால் மேலிடத்தில் கேட்ட மன்னிப்பை வாசற்படியில் நின்று நம்பவைக்க வேண்டியவர் அந்தந்த ஊர்க் கொன்ஸ்டபிள்தான். இங்கே முன்பு ஒரு சார்ஜன்ட் இருந்தார். மரணச் செய்தி கொண்டுபோவதென்றால் முதலில் ரிசர்வில் ஒரு மூத்தவரை அழைப்பார், அவரை ஏற்றிக்கொண்டுதான் போவார். விளக்குப் போடாமல், ஒரே வண்டியில். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுவார். யாரை அழைப்பது என்பதை அவருக்கு எந்தக் கையேடும் சொல்லவில்லை. அவர் போனபின் வந்தவரும் நல்லவர்தான், ஆனால் அந்தத் தொலைபேசி இலக்கம் அவரிடம் இல்லை.

ஆபத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கடமையில் கொல்லப்பட்ட பொலிஸாரை நீங்களே அறிவீர்கள்: 2005இல் அல்பர்ட்டாவின் மேயர்தோர்ப் அருகே நான்கு பேர். 2006இல் நம்முடைய ஸ்பிரிட்வுட் நிலையத்தைச் சேர்ந்த இருவர். 2021 ஜூனில், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் வூல்ஸ்லியில் ஒரு ட்ரக்கை நிறுத்திய ஷெல்பி பாட்டன், வயது 26. 2018 ஏப்ரலில் 16 உயிர்களைக் கொண்டுபோன ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ் விபத்தில், சந்தியில் நின்று அந்த இரவைப் பார்த்தவர்களும் சின்ன ஊர்ப் பொலிஸாரும் சம்பளமில்லாத் தீயணைப்புக்காரர்களும்தான். 2022 செப்டெம்பர் 4 காலையில் ஜேம்ஸ் ஸ்மித் கிரீ நேஷன் என்ற ரிசர்விலிருந்து கத்திக்குத்துத் தாக்குதல் பற்றி முதல் அழைப்பு வந்து, மெல்ஃபோர்ட் நிலையத்திலிருந்து பொலிஸ் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. தூரம் ஏறக்குறைய 45 கிலோமீற்றர். அதற்காக நான் ஓட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. இந்த நிலத்தில் உதவி எப்போதும் தூரத்தில்தான் இருக்கும், தனியாகப் போகிறவருக்குப் பின்னால் வரவேண்டிய வண்டியும் அப்படித்தான். அவ்வளவு தூரத்தில் போகிறவருக்கு, போகிற வீட்டையும் அங்கே இருக்கிறவனையும் முன்பே தெரிந்திருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

2022இல் மாகாணம் அறிவித்த மார்ஷல் சேவை என்ற சொந்தப் பொலிஸ் படை இதற்குப் பதில் என்று சிலர் சொல்கிறார்கள். பிடியாணையோடு திரிகிறவர்களைத் தேடவும், ட்ரக் திருடர்களைத் துரத்தவும் அது உதவட்டும். எங்கள் டீசல் தாங்கிகள் காலியாகிற வேகத்துக்கு யார் வந்தாலும் சந்தோஷமே. ஆனால் மாகாணம் முழுக்க ஓடுகிற படை எந்த ஊருக்கும் சொந்தமான படையாகாது.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில், அது யாரோடு என்றாலும், இதை எழுதுங்கள்: சின்ன நிலையத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் நிற்க விரும்புகிறவருக்கு அதே இடத்தில் பதவி உயர்வும் கூடுதல் படியும் கிடைக்க வேண்டும். நீடிப்பதா வேண்டாமா என்று ஊர்ச் சபையையும் பக்கத்து ரிசர்வின் சபையையும் கேளுங்கள். ஊருக்குப் பிடிக்காதவரை அனுப்பவும் அதே வழி உதவும், உங்கள் ஹொக்கிக் கவலைக்கும் அது கொஞ்சம் மருந்து. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் போகிறவரும் வருகிறவரும் ஒரு மாதமாவது ஒரே வண்டியில் ஓடட்டும். இப்போது பல நேரம் ஒருவர் பெட்டி கட்டிப் போய், அந்த நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, அதன்பிறகுதான் மற்றவர் வருகிறார். போனவர் தலையில் இருந்த ஊர் அவரோடே போய்விடுகிறது. ஒரு மாத இரட்டைச் சம்பளம் அதிகச் செலவு என்று உங்கள் கணக்காளர் சொல்வார். அவரையும் ஒரு நாள் இங்கே அனுப்பிவையுங்கள்.

கருத்துக் கேட்கக் கூட்டம் வைப்பதானால் செப்டெம்பரில் வேண்டாம், எல்லோரும் கம்பைன் அறுவடை இயந்திரத்தில் இருப்பார்கள். நவம்பர் கடைசியில் வையுங்கள், மண்டபத்துக்கு ஊர்ச் சபை வாடகை கேட்காது. ரிசர்வுக்குத் தனியாக அழைப்பு அனுப்புங்கள், சுவரில் ஒட்டுகிற அறிவித்தல் அங்கே போய்ச் சேராது.

இப்படிக்கு,
கிழக்கு சஸ்காச்சுவானில் மோட்டல் நடத்தும் ஒருவன்