பிலிப்பைன்ஸ் ஏற்றுமதிப் பட்டியலில் விடுபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வந்த பிலிப்பைன்ஸ் நாட்டு அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். 7,641 தீவுகள், 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 10 கோடியே 90 லட்சம் மக்கள், பெரும்பான்மையோர் கத்தோலிக்கர், மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஸ்பெயின் ஆட்சி, பிறகு அமெரிக்க ஆட்சி, 1946-இல் விடுதலை என்று எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஏற்றுமதிப் பட்டியலிலும் குறை சொல்ல முடியாது: பாதிக்கு மேல் மின்னணுச் சரக்கு, அதற்குப் பின் தேங்காய் எண்ணெய், வாழைப்பழம், நிக்கல். ஆனால் அந்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைக்கும் வருமானம் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாடு சென்று உழைப்பவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆங்கிலம் தெரிந்த, இயல்பிலேயே சிரித்த முகம் கொண்ட மக்கள் என்பதால் உலகம் அவர்களை விரும்பி அழைக்கிறதாம். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பிலிப்பினோக்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2023-இல் மட்டும் வெளிநாட்டில் உழைக்கும் பிலிப்பினோக்கள் வங்கிகள் வழியாக ஊருக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரும். கடலில் வேலை செய்பவர்களுடைய பணமே அதில் 650 கோடி டாலரைத் தாண்டும். சிரித்த முகத்துக்கு யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை.

இது தானாக நடந்ததும் இல்லை. 1974-இல் அன்றைய அதிபர் பெர்டினாண்ட் மார்க்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தில், ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதே அரசின் பணிகளில் ஒன்றாக எழுதி வைக்கப்பட்டது. எண்ணெய் விலை ஏறியிருந்தது, டாலர் தட்டுப்பாடு, ஊரில் வேலையில்லை, வளைகுடாவிலோ கட்டுமானத்துக்கு ஆள் தேவை. சில காலத்துக்கான ஏற்பாடு என்றுதான் தொடங்கினார்கள். மார்க்கோஸ் 1986-இல் நாட்டைவிட்டு ஓடினார், ஏற்பாடு ஓடவில்லை. அவருக்குப் பின் வந்த கொராசோன் அக்கினோ, வெளிநாட்டில் உழைப்பவர்களைப் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். இன்று அதற்கென்று தனி அமைச்சகமே இருக்கிறது.

கப்பல் ஊழியர்களின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 சதவீதம் ஊரில் அவர் குறிப்பிட்டவர் பெயருக்கு வங்கி வழியாகப் போயே ஆகவேண்டும். கப்பலில் கையில் கிடைப்பது மிச்சம்தான். எங்களோடு வேலை செய்த ஒரு ஃபிட்டர் சம்பள நாளன்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார். தங்கையின் நர்சிங் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் மருந்து, புயலில் பறந்துபோன கூரைக்குத் தகரம் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். அவர் பெயருக்கு நேரே எப்போதும் ஒரே செலவுதான், சிகரெட். அறை மூலையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாய் திறந்தபடி கிடக்கும். துறைமுகம் துறைமுகமாகச் சோப்பும் சாக்லேட்டும் டின் இறைச்சியும் பிள்ளைகளுக்குச் செருப்பும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்படி ஊருக்குப் போகும் பெட்டிகளுக்குக் குறிப்பிட்ட மதிப்பு வரை சுங்கவரி இல்லை. இந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்க முனைந்த அரசு 2015-இல் எழுந்த கூச்சலைக் கேட்டுப் பின்வாங்கியது. மாலை நேர மெஸ்ஸில் இதே ஆட்கள் கரோக்கியில் பாடித் தீர்ப்பார்கள் என்பது உண்மை. பார்ப்பவர்களுக்கு அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பதற்கு விடை நிலத்தில் இருக்கிறது. ஸ்பானியர் காலத்துப் பெருந்தோட்டங்கள் விடுதலைக்குப் பிறகும் சில குடும்பங்களின் கையிலேயே இருந்தன. 1988-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தவரும் கொராசோன் அக்கினோதான். ஆனால் தார்லாக் மாகாணத்தில் அவருடைய பிறந்த வீட்டுக்குச் சொந்தமான லூயிசிட்டா கரும்புத் தோட்டத்தில் உழுபவர்களுக்கு நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்தார்கள். அது செல்லாது, நிலத்தையே பிரித்துக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லும்வரை ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. அதற்குள் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ரியாத்துக்கும் ஹாங்காங்குக்கும் பறந்துவிட்டார்கள்.

அரிசி விஷயம் இன்னும் வேடிக்கை. நம் தஞ்சாவூர் விவசாயிகளுக்கு ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என்றால் தெரியாமல் இருக்காது. அந்த ரகங்கள் பிறந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸில், 1960-இல் தொடங்கப்பட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். கட்டுரையில் இதற்கும் இடமில்லை. அந்த நிலையம் இருக்கும் நாடுதான் இன்று உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்கிறது. 2024-இல் 40 லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பகுதி வியட்நாமிலிருந்து. வியட்நாமுக்கு மேக்கோங் இருக்கிறது, தாய்லாந்துக்குச் சாவோ பிரயா இருக்கிறது. துண்டு துண்டான இந்தத் தீவுகளில் அவற்றுக்கு ஈடான ஆற்றுச் சமவெளி கிடையாது. போதாக்குறைக்கு ஆண்டுக்குச் சுமார் இருபது புயல்கள் அந்நாட்டு எல்லைக்குள் வருகின்றன. 2013 நவம்பரில் ஹையான் புயல் ஒன்றில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு கிலோ நெல் விளைவிக்க வியட்நாமில் ஆகும் செலவைப் போல அங்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. 2019-இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு வெறும் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டே நெல் விலை விழுந்தது, விவசாயி அடிவாங்கினான். வாங்கித் தின்பவனாவது பிழைத்தானா என்றால் அதுவும் இல்லை. கிலோ 20 பெசோவுக்கு (அந்நாட்டு நாணயம்) அரிசி என்று 2022 அதிபர் தேர்தலில் வாக்குறுதி தந்து வென்ற இளைய மார்க்கோஸ், பழைய அதிபரின் மகன், மறு ஆண்டே 41 பெசோ என்று உச்சவிலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்னால் வெங்காயம் இறைச்சியைவிட விலை அதிகமாகி, வெளிநாட்டிலிருந்து திரும்பிய விமான ஊழியர்கள் பெட்டியில் வெங்காயம் கொண்டுவந்து சுங்கத்தில் மாட்டிக்கொண்ட செய்தியும் வந்தது. நம் ஊர் வெங்காய அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அரசு தன் ஆட்களை அனுப்பிவிட்டுக் கைகழுவிவிடுகிறது என்றும் சொல்லமாட்டேன். புறப்படும் முன் கட்டாய வகுப்பு, பதிவு செய்த ஒப்பந்தம், வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கும் உரிமை எல்லாம் உண்டு. 2018-இல் குவைத்தில் ஒரு பணிப்பெண்ணின் உடல் உறைபெட்டியில் கிடைத்தபோது மணிலா அங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிய பிறகே தடையைத் தளர்த்தியது. இவ்வளவு உறுதியாக நின்று பேசும் அரசுகள் ஆள் அனுப்பும் நாடுகளில் அதிகம் இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? டாலர் வர வேண்டுமே.

உள்ளூரிலேயே டாலர் சம்பாதிக்கும் கால் சென்டர்களைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருக்கிறது. பதினேழு லட்சம் பேருக்கு மேல் அங்கே வேலை. அமெரிக்காவின் பகல் மணிலாவின் இரவு என்பதால் நள்ளிரவில் சோற்றுக்கடைகள் நிரம்பி வழியும். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நர்ஸ்களைப் பற்றித்தான் சேர்க்க வேண்டும். உலக மருத்துவமனைகளுக்கு நர்ஸ் அனுப்புவதில் பிலிப்பைன்ஸ் முன்வரிசையில் நிற்கிறது. உள்ளூர் மருத்துவமனைகளில் ஆள் போதவில்லை. கொரோனா காலத்தில் ஆண்டுக்கு 5,000 பேருக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று அரசே வரம்பு போட வேண்டிய நிலை வந்தது. சில மாதங்களிலேயே அந்த வரம்பை உயர்த்தவும் செய்தது. உள்ளூரில் கிடைக்கும் சம்பளத்துக்கு அவர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தி நம் வீட்டுப் பிள்ளைகளைத் தொடுவதால் இதையும் எழுதிவிடுகிறேன். குறைந்த செலவில் மருத்துவம் படிக்க ஏற்ற நாடு என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்கள். தாவோ போன்ற நகரங்களில் தமிழ்நாட்டு மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2021 நவம்பரில் நம் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும், படித்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் வேண்டும். பிலிப்பைன்ஸில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம், வழக்கமாக நான்கு ஆண்டுப் படிப்பு. அதற்கு முன்னால் படிக்கும் பி.எஸ். என்ற அறிவியல் இளநிலைப் பட்டம் இந்தக் கணக்கில் சேராது. அந்நாட்டு அரசியல் சட்டமோ, வேறு சட்டம் இடம் கொடுத்தாலொழிய, தொழில் செய்யும் உரிமை குடிமக்களுக்கே என்கிறது. இந்த மூன்றுக்கும் கல்லூரியிடம் எழுத்து மூலம் பதில் வாங்கிய பிறகே பெற்றோர் பணம் கட்ட வேண்டும் என்று அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது வெளியிட வேண்டுகிறேன். முகவர்கள் இதையெல்லாம் தாங்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி