க்யூஆர் கோடுக்குக் கீழே ஒரு வரி போதும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மக்களுக்கான சேவைகளைச் செயலிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் அலுவலகங்களுக்கு,

வணக்கம். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் 2004 முதல் கடை வைத்திருக்கிறேன். போர்டில் இன்னும் 'பிரவுசிங் சென்டர்' என்றுதான் இருக்கிறது. பிரவுசிங் பண்ணத்தான் யாரும் வருவதில்லை. ஒரு காலத்தில் எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய், பரீட்சை ரிசல்ட் அன்று வாசல் வரை கூட்டம். இப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கொஞ்சம் லேமினேஷன். செயலி வந்து என் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று புலம்ப வருகிறேன் என நினைக்க வேண்டாம். உங்கள் செயலியை எப்படித் திறப்பது என்று கேட்டு வருகிறவர்களால்தான் இன்று கடையில் ஆள் நடமாட்டமே இருக்கிறது.

போன வாரம் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கொஞ்சம் காப்பி, ஊடே மிளகுக் கொடி, அவ்வளவுதான் தோட்டம். ஒரு அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டுமாம். "ஆப்புலதான் போடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதே விண்ணப்பத்தைப் போன வருஷம் நான்தான் வலைத்தளத்தில் நிரப்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை.

இந்தத் தடவை அவர் போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்தேன். படிவம் இருந்த இடத்தில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்து செயலியைப் பதிவிறக்க வேண்டுமாம். தன் திரையில் இருக்கும் கோடைத் தானே ஸ்கேன் செய்ய அந்தப் போன் என்ன, கண்ணாடி முன்னால் போய் நிற்குமா? என் போனை எடுத்து அவர் போனை ஸ்கேன் செய்து, செயலியின் பெயரைத் தெரிந்துகொண்டு, அவர் ப்ளே ஸ்டோரில் தேடினேன். போனில் இடமில்லை என்றது. "எதையாவது அழிக்கலாமாம்மா?" என்று கேலரியைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இது பேரன் மொதமொதல்ல நடந்தப்ப எடுத்தது தம்பி, இது இருக்கட்டும்." அடுத்ததும் பேரன்தான். கடைசியில் அவருக்கு வந்திருந்த காலை வணக்க ரோஜாப்பூக்களையும் ரெண்டு மூன்று வீடியோக்களையும் அழித்து இடம் பண்ணினோம். அப்புறம் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. அது திருப்பூரில் இருக்கும் மகனுக்குத்தான் தெரியும். மகன் ஷிப்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று அம்மா கிளம்பிவிட்டார்.

செயலியே கூடாது என்கிற ஆள் இல்லை நான். யுபிஐ 2016-ல் வந்தது. இன்று என் கடையில் ஒரு ஜெராக்ஸுக்கும், பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட்டுக்கும் போனை நீட்டுகிறார்கள். தினமும் திறக்கிற விஷயத்துக்குச் செயலி சரி. வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற விண்ணப்பத்துக்கு எதற்கு?

உலகமே ஆப்புக்கு மாறிவிட்டதே என்பீர்கள். பாதி நிஜம். போனில் நேரம் போவது பெரும்பாலும் செயலிகளில்தான். ஆனால் வாட்ஸப்பில் வந்த செய்தியைத் தட்டினால் திறப்பது வலைப்பக்கம். பல செயலிகளின் உள்ளேயே ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதும் வலைப்பக்கம்தான். துணி விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் வலைத்தளத்தை மூடிவிட்டு இனி செயலி மட்டும் என்றது. அடுத்த வருஷம் ஜூனில் மறுபடி திறந்தது. அங்கே சட்டை வாங்க முடியாதவர் வேறு கடைக்குப் போய்க்கொள்ளலாம். நாகலூர் அம்மா உங்களை விட்டு எங்கே போவார்?

1993-ல் ஐரோப்பாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம், தன்னிடம் பிறந்த வலையின் நிரலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. அந்தப் புண்ணியத்தில்தான் ஒரு முகவரியை நோட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், பழைய போனிலும் என் பழைய கம்ப்யூட்டரிலும் பக்கம் திறக்கிறது. கணக்கு வேண்டாம், இடம் காலி பண்ண வேண்டாம். முகப்பில் ஐகான் இருந்தால்தான் அழகு என்றால் வலைப்பக்கத்துக்கே ஐகான் வைக்கலாம். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனாலும் நிரப்பியது அழியாதபடி எழுதவும் முடியும். செயலி மாதிரி நடந்துகொள்ளும் இந்த வலைப்பக்கத்துக்குப் பெயர் 'பிடபிள்யூஏ'; உங்களுக்கு மென்பொருள் செய்பவரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதெல்லாம் மெதுவாகச் செய்யுங்கள். பழைய படிவம் இன்னும் உங்கள் சர்வரில் இருந்தால், இப்போதைக்கு க்யூஆர் கோடுக்குக் கீழே அதன் லிங்க்கை ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். அந்த அம்மா புதன்கிழமை திரும்ப வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர்காரன்