பின்பக்கப் படியைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. மதுரை மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் இனி கால் வைக்க இடமிருக்காது. இந்த நேரத்தில் கடை முதலாளிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிக்க வேண்டிய உங்கள் கடையின் பின்பக்கப் படிக்கட்டு இன்று எந்த நிலையில் இருக்கிறது?

நான் ஜவுளிக் கடைகளில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வாரம் பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுக்க ஒரு மூன்று மாடிக் கடைக்குப் போயிருந்தேன். கூட்டம் தாங்காமல் பின்பக்கமாக இறங்கலாம் என்று பார்த்தால், படி முழுக்கப் பிரிக்காத சேலை பண்டல்கள், அட்டைப் பெட்டிகள், கை உடைந்த துணிக்கடை பொம்மை ஒன்று. அதையெல்லாம் தாண்டி இறங்கினாலும் கீழே ஷட்டர் பூட்டியிருந்தது. "சாவி கல்லாவில் இருக்கும் சார்" என்றார் அங்கு நின்ற பெண். சுவரில் தீயணைப்பு சிலிண்டர் தொங்கியது. அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையை விட்டு இறங்கிச் சிவப்பில் நின்றது, அதாவது உள்ளே அழுத்தம் போதாது.

அந்தக் கடைக்குத் தீயணைப்புத் துறையின் சான்று இருக்கலாம். ஆய்வுக்கு வந்த அன்று படியும் காலியாக இருந்திருக்கலாம். சான்றைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியதோடு கடமை முடிந்தது என்று பலர் நினைப்பதுதான் என் ஆதங்கம். வெளியேறும் வழியில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது, உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே கதவைத் திறக்க முடிய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 38ஆவது பிரிவு, தப்பிக்கும் வழி இருந்தால் போதாது, அது தொழிலாளர்களுக்குப் பழக்கமாகியிருக்கவும் வேண்டும் என்றது. ஆய்வு நாளுக்கு மட்டுமான விதிகள் அல்ல இவை.

மதுரைக்கு இது புதிய பாடமும் அல்ல. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. 2020 தீபாவளியன்று அதிகாலை விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில், ஜவுளிக் கடைத் தீயை அணைக்கப் போன வீரர்கள் இருவர் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். 2024 செப்டம்பரில் கட்ராபாளையம் தெரு மகளிர் விடுதித் தீயில் பெண்கள் உயிரிழந்தார்கள்.

இப்போது விற்கும் துணிகளில் பாலியஸ்டர் கலந்தவை ஏராளம். பற்றினால் கரும்புகை கிளம்பும், ஆளை முதலில் சாய்ப்பது அந்தப் புகைதான். ஒரே படிக்கட்டு உள்ள மாடிக் கடையில் தீ கீழ்த்தளத்தில் பிடித்தால் அந்தப் படியே புகைபோக்கி ஆகிவிடும். மேலே நிற்பவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

பின்கதவைத் திறந்து வைத்தால் சரக்கு திருட்டுப் போகும் என்பார்கள். நானும் கடையில் இருந்தவன், அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கு உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் கடையில் கிடைக்கின்றன. திறந்தால் மணியடிக்கும்படியும் வைக்கலாம். குடோன் வாடகை அதிகம் என்பது உண்மை. அதற்காக ஆட்கள் தப்பிக்கும் படியைக் குடோனாக்குவதை ஏற்க முடியாது.

தீபாவளிக்கு முன் தீயணைப்புத் துறையும் மாநகராட்சியும் கூட்ட நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் இந்தக் கடைகளுக்குள் நடந்து பார்க்க வேண்டும். சான்றின் நகலை, முடியும் தேதி தெரிய, வாசலில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பண்டிகைக்காக ஒரு மாதம் மட்டும் வேலைக்கு வரும் பிள்ளைகள். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே சேலை மடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதே நாளில் பின்பக்கப் படி எங்கே இருக்கிறது, தீயணைப்பு சிலிண்டரின் பூட்டு ஊசியை எப்படி உருவுவது என்பதையும் முதலாளிகள் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக் கடை ஊழியர்,
சிம்மக்கல், மதுரை.