புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: உங்களைப் பற்றி நாலு வரி

வணக்கம். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் (கணிதத்தைக் கொண்டு நல்ல முடிவெடுக்க வழி தேடும் துறை) முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் தங்களைப் பற்றி இங்கே எழுதுங்கள். முன்பு என்ன படித்தீர்கள், இப்போது எந்தச் சிக்கல் உங்களை இழுக்கிறது, அது போதும்.

கணிதம் படிக்கவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். இந்தத் துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான பிளாக்கெட் இயற்பியலாளர். ஆல்வின் ராத் நம் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். சிறுநீரகம் தருபவரையும் தேவைப்படுபவரையும் இணை சேர்க்கும் முறைவரை போய், 2012-இல் பொருளாதார நோபல் பெற்றார்.

அப்புறம், வெறுமனே ‘ஆப்டிமைசேஷன்’ (இருக்கும் வழிகளில் சிறந்ததைக் கண்டுபிடிப்பது) என்று போட்டுவிடாதீர்கள். பஸ் நேர அட்டவணையா, ரத்த வங்கி இருப்பா, மருத்துவமனை வரிசையா என்று சொன்னால்தான் அதே ஆர்வமுள்ள சீனியர் உங்களைத் தேடி வருவார். தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள்.